தோலகட்டி ரசத்துக்கு ஒரு நூதனசாலை வேண்டும்

மட்டக்களப்பு நகரை விட்டு வாவியோரமாக வடக்கே வந்தால் அமிர்தகழி. ஆடி அமாவாசைக்கு மாமாங்கேஸ்வரர் ஆலயத்துத் தீர்த்தக்குளத்தில் முழுகி எழ, எழுவான்கரையிலிருந்தும் படுவான்கரையிலிருந்தும் சனம் திரண்டு வரும் ஊர். ஒரு கை நீர் எந்தக் கணத்தில் தீர்த்தமாகிறது என்பதை இந்த ஊராருக்கு யாரும் விளக்கவேண்டியதில்லை. அதனாலேயே, அயலிலுள்ள கத்தோலிக்க ஆலயங்களில் ஞாயிறு காலை குரு தன் கிண்ணத்தில் வார்க்கும் சிறிதளவு திராட்சை ரசத்தையும் மரியாதையோடு பார்த்தே நாங்கள் வளர்ந்தோம். புளியந்தீவு, தாண்டவன்வெளி என்று ஆலயங்கள் நிறைந்த நகரம் இது. ஆனால் அந்த ரசம் யார் கையால் ஆகிறது, எந்த மண்ணில் விளைகிறது என்று விசாரித்தவர்கள் எங்களில் மிகக் குறைவு.

விசாரித்துப் போனால் வழி யாழ்ப்பாணத்துக்கு இட்டுச்செல்லும். வலிகாமத்தில், அச்சுவேலி, வசாவிளான் பக்கமாகத் தோலகட்டி என்றொரு சிற்றூர். அங்கே செபமாலைத் தாசர் சபையின் ஆச்சிரமம் இருக்கிறது. யாழ்ப்பாணம் போய்வருகிறவர்களிடம் நாம் சொல்லிவிடும் சாமான்களில் பனங்கட்டியும் தோலகட்டி நெல்லிரசமும் தவறாது. வெயிலில் களைத்து வந்தவருக்கு அந்த நெல்லிரசத்தில் இரண்டு கரண்டி தண்ணீரில் கலந்து கொடுக்காத வீடு வடக்கில் அரிது. அதே துறவிகள் திருப்பலிக்கான திராட்சை ரசமும் ஆக்குகிறார்கள். ஈழத்தமிழர் தங்கள் மண்ணில், தங்கள் கைகளால் நடத்திவரும் ஒரு திராட்சை ரசச்சாலை என்று எதையாவது காட்டச்சொன்னால், நான் அந்த இடத்தைத்தான் காட்டுவேன்.

வரும் 2028 பெப்ரவரி 2ஆம் திகதி அந்தச் சபைக்கு நூறு வயதாகிறது. நூறாண்டு வரலாறுள்ள ரசச்சாலைகளுக்கு உலகின் பல இடங்களில் நூதனசாலைகள் இருக்கின்றன. தோலகட்டிக்கும் அப்படியொன்று வேண்டும் என்பதற்காகவே இந்தக் கட்டுரை.

பீடம் கேட்கும் ரசம்

கத்தோலிக்கத் திருச்சபை இந்த ஒரு விடயத்தில் விட்டுக்கொடுப்பதே இல்லை. 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 924ஆம் இலக்கம் தெளிவாகச் சொல்கிறது: ரசம் இயற்கையானதாக, திராட்சைக் கொடியின் கனியிலிருந்து வந்ததாக இருக்கவேண்டும், கெட்டுப்போயிருக்கக் கூடாது. நெல்லியில் எவ்வளவு நல்ல பானம் ஆக்கினாலும் அது பீடத்துக்கு ஆகாது. பனையும் தென்னையும் எங்கள் கரையெங்கும் நின்றாலும் அவற்றின் கள்ளும் ஆகாது. கொடிமுந்திரிகை மட்டுமே.

பிரான்சிலோ இத்தாலியிலோ இருக்கும் ஒரு பங்குக் குருவுக்கு இது ஒரு சுமையே இல்லை. ஆலயத்துக்குப் பின்னாலேயே திராட்சைத் தோட்டம் இருக்கும். மட்டக்களப்பில் இருந்தவருக்கோ அது கப்பலேறி வரவேண்டிய பொருள். போர்த்துக்கேயர் 1628இல் புளியந்தீவில் கோட்டை கட்டியபோது அவர்களுடைய குருமாருக்கான ரசமும் கடல்வழியேதான் வந்தாக வேண்டியிருந்தது. 1638இல் ஒல்லாந்தர் அந்தக் கோட்டையைப் பிடித்தார்கள். 1658இல் யாழ்ப்பாணமும் அவர்கள் கைக்குப் போனது. குருமார் துரத்தப்பட்டார்கள், கத்தோலிக்க வழிபாடு தடைசெய்யப்பட்டது. 1687இல் கோவாவிலிருந்து யோசவ் வாஸ் அடிகளார் மாறுவேடத்தில் யாழ்ப்பாணம் வந்து இறங்கினார். இரவில், பூட்டிய வீடுகளுக்குள், ஒல்லாந்தக் காவலரின் கண்ணுக்குத் தப்பித் திருப்பலி நடந்த காலம் அது. அப்பமும் ரசமும் இல்லாமல் திருப்பலி இல்லை. ஆட்சியாளர் தடுத்த வழிபாட்டுக்கு, கடல் தாண்டிவந்த ஒரு குப்பி ரசம் எவ்வளவு அரும்பொருளாக இருந்திருக்கும்! 2015 ஜனவரி 14ஆம் திகதி காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் வாஸ் அடிகளாரைப் புனிதராக அறிவித்தபோது அங்கே நின்ற இலட்சக்கணக்கானோரில் எத்தனை பேருக்கு அந்தக் குப்பியின் நினைவு வந்திருக்கும் என்று எண்ணிப்பார்க்கிறேன்.

பிரித்தானியர் 1806இல் கத்தோலிக்கர் மீதான தடைகளை நீக்கினார்கள். 1847இல் அமலமரித் தியாகிகள் சபையினர் இலங்கைக்கு வந்து யாழ்ப்பாணத்தில் பணி தொடங்கினார்கள். கிழக்கைப் பின்னர் இயேசு சபையினர் பொறுப்பேற்றனர்: முதலில் பிரெஞ்சுக்காரர், பிறகு அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸ் மாகாணத்தவர். தடை போய்விட்டது, ஆனால் ரசம் வெளிநாட்டுச் சரக்காகவே இருந்தது. கப்பல் பிந்தினால், போர் வந்தால், இறக்குமதிக்குக் கட்டுப்பாடு விழுந்தால் பீடத்துக்கும் தட்டுப்பாடு. இந்தச் சங்கிலியின் ஒரு கண்ணியை அறுத்து, எங்கள் செம்மண்ணில் கொண்டுவந்து கட்டியவர்கள் தோலகட்டித் துறவிகள்.

தோமஸ் அடிகளார்

அருட்தந்தை பஸ்தியாம்பிள்ளை அந்தோனிப்பிள்ளை தோமஸ் 1886இல் யாழ்ப்பாணம் பாண்டியன்தாழ்வில் பிறந்தவர். அமலமரித் தியாகிகள் சபைக் குரு. 1926இல் பாப்பரசர் பதினோராம் பத்திநாதர் மறைபரப்பு நாடுகளுக்கு எழுதிய சுற்றுமடலில், அந்தந்த நாட்டு மக்களே தங்கள் இயல்புக்கேற்ற தியான வாழ்வுச் சபைகளை உண்டாக்கவேண்டும் என்று கேட்டிருந்தார். பல ஊர்களில் அந்த மடல் வாசிக்கப்பட்டு அலுமாரிக்குள் போயிருக்கும். யாழ்ப்பாணத்தில் அது விதையாய் விழுந்தது. அன்றைய ஆயர் கியோமார் ஆண்டகையின் ஆதரவோடு, 1928 பெப்ரவரி 2ஆம் திகதி தோமஸ் அடிகளார் தோலகட்டியில் செபமாலைத் தாசர் சபையைத் தொடங்கினார். ஆசிய மண்ணில் ஆசியரே தோற்றுவித்த முதலாவது தியான வாழ்வுச் சபை என்று அதைச் சொல்வார்கள்.

அவர் நாட்டியது ஐரோப்பிய மடம் ஒன்றின் பிரதி அல்ல. ஆச்சிரமம் என்றே அதை ஊரார் அழைத்தார்கள். இரவும் பகலும் இடைவிடாமல் ஓதப்படும் செபமாலை, மௌனம், நோன்பு, மரக்கறி உணவு, உடலுழைப்பு. சித்தர் மரபும் சமணர் மரபும் கண்ட தமிழருக்கு இது அந்நியமாகத் தெரியவில்லை. வேலி கடந்து போகிற சைவ அயலவர்களும் அங்கே கைகூப்பினார்கள்.

இன்னொன்றையும் சொல்லாமல் அவரைச் சொல்லி முடிக்க முடியாது. அந்நாளைய யாழ்ப்பாணத்தில் கோயில்களில் மட்டுமல்ல, சில தேவாலயங்களிலும் சாதிக்கு ஒரு பக்கமாக இருக்கை பிரித்திருந்தார்கள். தோமஸ் அடிகளார் தன் ஆச்சிரமத்துக்கு எவரையும் சாதி கேட்டுச் சேர்க்கவில்லை. எல்லோரும் ஒரே பந்தியில் உண்டார்கள், ஒரே தோட்டத்தில் மண்வெட்டி பிடித்தார்கள். அங்கிருந்து எட்டிவிடும் தூரத்தில் இருக்கும் மாவிட்டபுரத்தில் ஆலயப் பிரவேசப் போராட்டம் நடந்தது 1968இல். தோலகட்டியில் பந்தி ஒன்றானது அதற்கு நாற்பது ஆண்டுகள் முன்னால். அந்த ரசத்தின் வரலாற்றை எழுதும்போது நான் முதலில் எழுத விரும்புவது இதைத்தான். எந்தக் கைகள் அந்தப் பழத்தைப் பிழிந்தன என்பது, பழத்தின் இனத்தைவிடப் பெரிய செய்தி. 1964 ஜனவரியில் தோமஸ் அடிகளார் காலமானார். அவரை இறையடியார் என்று திருச்சபை இன்று போற்றுகிறது.

துறவியர் தங்கள் உழைப்பிலேயே உண்ணவேண்டும் என்பது மேற்கிலும் கிழக்கிலும் பழைய விதி. ஐரோப்பாவின் பேர்பெற்ற திராட்சைத் தோட்டங்களில் பலவற்றை வளர்த்தெடுத்தவர்கள் ஆசீர்வாதப்பர் சபையினரும் சிஸ்தேர்சியத் துறவிகளும்தான். பீடத்துக்கு ரசம் வேண்டும், மடத்துக்கு வருமானம் வேண்டும், நாளைக்கு இத்தனை மணிநேரம் கைவேலையும் வேண்டும். மூன்றையும் ஒரே கொடி தந்தது. தோலகட்டியிலும் நெல்லியும் திராட்சையும் அதே வேலையைச் செய்தன.

செம்மண்ணில் ஒரு கொடி

சுண்ணக்கல்லின் மேல் விரித்த செம்மண். ஆறு இல்லாத குடாநாடு. மாரியில் பெய்த நீரைச் சுண்ணக்கல் குடித்து வைத்துக்கொள்ளும். கமக்காரன் கிணறு வெட்டித் துலாவால் அள்ளினான், பிறகு நீரிறைக்கும் இயந்திரம் வந்தது. இந்த மண்ணில் திராட்சை நன்றாக வருவதற்குக் காரணம் அதன் கீழிருக்கும் கல்தான். கொடிக்கு வேர் நனைய வேண்டும். ஆனால் வேரில் தண்ணீர் தேங்கினால் அழுகிவிடும். யாழ்ப்பாணச் செம்மண்ணில் நீர் தேங்காது. இந்த மண்ணின் ஆழத்தையும் வடிகாலையும் விவசாயி வெங்காயத்தில் கற்றான், புகையிலையில் கற்றான், பிறகு முந்திரிகைப் பந்தலில் அதைக் கொண்டுவந்து சேர்த்தான்.

குளிர்நாட்டில் திராட்சைக் கொடி மாரியில் இலையுதிர்த்து உறங்கும், வசந்தத்தில் விழிக்கும். ஆண்டுக்கு ஒரு விளைச்சல். எங்கள் நாட்டில் அதற்கு உறக்கமே இல்லை. விட்டால் இலையும் கொடியுமாகப் படர்ந்துகொண்டே போகும், குலை வராது. ஆகவே விவசாயி கத்தியால் அதற்குக் காலத்தைச் சொல்லிக்கொடுக்கிறான். கவாத்து வெட்டினால்தான் கொடி மீண்டும் துளிர்த்துப் பூக்கும். ஏறக்குறைய நான்கு மாதங்களில் குலை கறுக்கும். ஆண்டுக்கு இரண்டு முறை வெட்டலாம். எப்போது வெட்டுவது என்பதில்தான் கெட்டித்தனம். பழம் முற்றும் வேளை வடகீழ்ப் பருவமழையில் அகப்பட்டால் பழம் வெடிக்கும், சீனி இறங்கும், பூஞ்சணம் பிடிக்கும். மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்த்த போர்டோக் கலவை இல்லாமல் மாரியைக் கடப்பது கடினம். அந்தக் கலவையும் பிரான்சின் திராட்சைத் தோட்டங்கள் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் உலகுக்குக் கொடுத்ததுதான்.

யாழ்ப்பாணத்தில் அதிகம் பயிராவது ‘இஸ்ரேல் புளூ’ என்ற கறுப்பினம். பழம் தின்ன உருசியானது, தோல் தடிப்பானது, நிறம் இறங்கும். 1970களின் முற்பகுதியில் சிறிமாவோ அரசு இறக்குமதியை இறுக்கியபோது வெங்காயமும் மிளகாயும் யாழ்ப்பாணத்தாரைத் தூக்கி நிறுத்தியதை எல்லோரும் சொல்வார்கள். கப்பலில் திராட்சை வராத அந்த ஆண்டுகளில் யாழ்ப்பாணத்து முந்திரிகைப் பந்தல்களுக்கும் வாழ்வு வந்தது.

பக்கத்து நாட்டில் இதற்கொரு சகோதரக் கதை உண்டு. தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கில் விளையும் பன்னீர் திராட்சை, 1832இல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் கொண்டுவந்த மஸ்கட் ஹாம்பர்க் இனம் என்று சொல்வார்கள். 2023இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஒரு பள்ளத்தாக்கின் உழைப்புக்கு அரசு கொடுத்த பத்திரம் அது. யாழ்ப்பாணத் திராட்சைக்கு அப்படியொன்றும் இதுவரை இல்லை.

பழம் வந்தபின் நடப்பது எளிமையானது போலத் தோன்றும். காம்பு நீக்கி நசிப்பார்கள். சாறும் தோலும் ஒன்றாகக் கிடக்க, நுண்ணுயிரான மதுவம் சீனியைத் தின்று மதுவாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றும். ஒரு லீற்றர் சாற்றில் ஏறத்தாழ 17 கிராம் சீனி நொதித்தால் ஒரு வீதம் மது. லீற்றருக்கு 170 கிராம் சீனி உள்ள பழம் என்றால் பத்து வீத அளவில் வந்து நிற்கும். தோலிலிருந்துதான் நிறமும் துவர்ப்பும் இறங்கும். வேகம் அடங்கியதும் பிழிந்து, மண்டியை விட்டுத் தெளிவை மட்டும் வேறு கலத்துக்கு இறுப்பார்கள். அப்புறம் பொறுமை.

எங்கள் வெக்கையில் இந்தப் பொறுமைதான் சோதனை. சூடு மிஞ்சினால் மதுவம் செத்துவிடும், சீனி பாதியில் நிற்கும். காற்றுப் பட்டால் வேறொரு நுண்ணுயிர் புகுந்து மதுவை வினாகிரியாக்கும். புளித்த ரசம் பீடத்துக்கு ஆகாது என்று சட்டம் சொல்கிறதே! ஆகவே ரசம் ஆக்குகிறவன் ஒவ்வொரு கலத்தையும் காற்றுப்புகாமல் காக்கவேண்டும். அதோடு கண்ட சாமான்களையும் சேர்த்துக் காப்பாற்றவும் வழியில்லை. சீனி, சாயம், வாசனை என்று வேறெதுவும் கலக்காத தூய்மையைத் திருச்சபை கேட்கிறது. வெப்பநாட்டில் இந்தக் கட்டளைக்குள் நின்று ஆண்டாண்டாக ரசம் ஆக்குவது ஒரு தொழில்நுட்பச் சாதனை. அதை ஒருவரும் சாதனை என்று அழைத்ததில்லை. அழைக்கும்படி துறவிகளும் கேட்கவில்லை.

1990

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டது. பலாலிப் படைத்தளத்தைச் சூழ்ந்த வலிகாமம் வடக்கு ஊர்கள் ஒவ்வொன்றாக வெறுமையாகின. மயிலிட்டி, வசாவிளான், கட்டுவன், மாவிட்டபுரம். பிறகு அந்தப் பெயர்களெல்லாம் ‘உயர் பாதுகாப்பு வலயம்’ என்ற ஒரே பெயருக்குள் மறைந்தன. தோலகட்டித் துறவிகளும் வெளியேற நேர்ந்தது. இரவும் பகலும் ஓயாமல் செபம் ஒலித்த வளவு அது.

திராட்சைப் பந்தலைப் பற்றி அறிந்தவர்களுக்கு இதன் பொருள் விளங்கும். நெல்வயலைப் பத்து வருடம் விட்டுவிட்டுப் போனால் திரும்பிவந்து உழலாம். கொடிக்கு யாராவது தண்ணீர் கட்டவேண்டும், கவாத்து வெட்டவேண்டும். ஓரிரு கோடையில் எல்லாம் முடிந்துவிடும். மதிலும் கிணறும் மிஞ்சலாம், கொடி மிஞ்சாது. கொடியோடு போவது இன்னொன்றும் உண்டு: எந்தக் கலத்தில் எந்த ஆண்டு ரசம் நன்றாக வந்தது, எந்தப் பக்கத்துப் பழம் இனிப்பு, எந்த மாதம் வெட்டினால் மழையில் தப்பலாம் என்று கைகளுக்குள் மட்டும் இருந்த அறிவு.

துறவிகள் தொழிலைக் கைவிடவில்லை. இடம்பெயர்ந்த இடத்திலும் நெல்லிரசம் வந்துகொண்டிருந்தது. பொருளாதாரத் தடைக்குள் கிடந்த குடாநாட்டில் சீனியே பெறுமதியான பொருள், போத்தல் பெறுமதியான பொருள், போத்தல் மூடிகூடப் பெறுமதியான பொருள். அந்தக் காலத்தில் ஒரு ரசச்சாலையை எப்படி நடத்தினார்கள் என்பதைக் கேட்டு எழுதி வைத்த ஒரு நூல் எங்கள் கையில் இல்லை என்பது எனக்குப் பெருங்குறையாகப் படுகிறது. போருக்குப் பின் அவர்கள் தோலகட்டிக்குத் திரும்பினார்கள். இன்று யாழ்ப்பாணம் பார்க்கப் போகிறவர்கள் அங்கே இறங்கி, நெல்லிரசம் வாங்கி, ஆலயத்தில் சற்று அமர்ந்து வருகிறார்கள். அவர்கள் பார்ப்பது நூறாண்டு வரலாற்றின் கடைசிப் பக்கத்தை மட்டும். முன்பக்கங்களைக் காட்ட அங்கே ஒரு அறை வேண்டும்.

பிறர் எப்படிக் காத்தார்கள்

பினாங்கில் நீல நிற மாளிகை ஒன்று உண்டு. அங்கே போன தமிழர் பலர் பார்த்திருப்பார்கள். அதைக் கட்டிய சீன வணிகர் சாங் பிஷி, 1892இல் சீனத்தின் யான்தாய்க் கடற்கரையில் சாங்யூ என்ற திராட்சை ரசச்சாலையைத் தொடங்கினார். ஐரோப்பாவிலிருந்து கொடிகள் வந்தன. ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசைச் சேர்ந்த நிபுணர் ஒருவர் வந்து ரசம் ஆக்கினார். கடலுக்கு அருகில், நிலத்துக்குக் கீழே ஏழு மீற்றர் ஆழத்தில் நிலவறை கட்டப் பத்தாண்டுக்கு மேல் பிடித்தது. 1912இல் சுன் யாட்-சென் அங்கே வந்து தன் கைப்பட எழுதிக்கொடுத்தார். நூறாவது ஆண்டான 1992இல், தொடங்கிய அதே இடத்திலேயே ஒரு ரச நூதனசாலையைத் திறந்தார்கள். இன்று யான்தாய் நகரத்துக்குப் போகிறவர்கள் அதைப் பாராமல் திரும்புவதில்லை. ஆசியாவில், ஆசியர் தொடங்கிய ஒரு ரசச்சாலை தன் நூற்றாண்டை எப்படிக் கொண்டாடலாம் என்பதற்கு இதைவிடக் கிட்டிய உதாரணம் இல்லை.

துறவிகளின் ரசச்சாலைகளுக்கு வருவோம். தென் ஆஸ்திரேலியாவின் கிளேர் பள்ளத்தாக்கில் செவன்ஹில் என்ற இடத்தில் ஆஸ்திரியாவிலிருந்து வந்த இயேசு சபையினர் 1851இல் கொடி நட்டார்கள். திருப்பலி ரசத்துக்காகத்தான். நிலவறையும் ஆலயமும் நூதனசாலையும் ஒரே வளவுக்குள் இருக்கின்றன. பெத்லகேமுக்குப் பக்கத்தில் கிரெமிசானில் சலேசியத் துறவிகள் 1885 முதல் ரசம் ஆக்குகிறார்கள். அவர்களுடைய பள்ளத்தாக்கின் குறுக்கே இஸ்ரேல் பிரிப்புச்சுவர் கட்ட முனைந்தபோது, பாலஸ்தீனக் குடும்பங்களும் துறவியரும் நீதிமன்றம் போனார்கள். படைவேலிக்குள் பன்னெடுங்காலம் மாட்டிக்கிடந்த தோலகட்டியின் கதை கிரெமிசான்காரருக்கு ஒரு நொடியில் விளங்கும்.

தமிழரின் பழைய ரச வரலாறோ உடைந்த ஓடுகளில் கிடக்கிறது. 1945இல் மோர்ட்டிமர் வீலர் புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டைத் தோண்டியபோது மத்தியதரைக் கடலிலிருந்து வந்த இருகாதுச் சாடிகளின் துண்டுகள் வெளிப்பட்டன. பின்னர் கசால் தோண்டினார். 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி குழுவினர் மீண்டும் தோண்டினார்கள். கோஸ் தீவுச் சாயலில் வனைந்த, ரசம் கொண்டுவந்த சாடிகள் அவற்றில் பல. ஈராயிரம் ஆண்டுக்கு முந்திய அந்த ஓடுகளைப் புதுச்சேரி நூதனசாலையில் கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்கள். யவனர் கொண்டுவந்து தமிழர் குடித்த ரசத்துக்கு ஒரு அலுமாரி இருக்கிறது. தமிழர் தாங்களே நட்டு, தாங்களே பிழிந்த ரசத்துக்கு இல்லை.

குடியால் அழிந்த மாவட்டத்திலிருந்து

இனி, எங்கள் ஊரார் என்னைக் கேட்கப்போகும் கேள்விக்கு வருகிறேன். மட்டக்களப்பில் இருந்துகொண்டா மதுவுக்கு நூதனசாலை கேட்கிறாய்?

கேள்வி நியாயமானது. போரில் ஆண்துணை இழந்த வீடுகள், 2004 சுனாமியில் கரை முழுவதும் இழந்த வீடுகள், அவற்றுக்கு மேல் குடியால் குலைந்த வீடுகள். நாட்கூலி வீட்டுக்கு வருமுன் தவறணையிலோ கசிப்புக்காரனிடமோ கரைந்துபோவதைக் கண்டு வளர்ந்த பிள்ளைகள் இந்த மாவட்டத்தில் ஏராளம். 2017இல் கல்குடா கும்புறுமூலையில் எதனோல் வடிசாலை ஒன்று எழும்பத் தொடங்கியபோது மக்கள் எதிர்த்து நின்றார்கள். செய்தி எடுக்கப்போன ஊடகவியலாளர்கள் துரத்தப்பட்டார்கள். அந்த எதிர்ப்பில் முழு நியாயம் இருந்தது என்றே அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன்.

ஆனால் கும்புறுமூலையும் தோலகட்டியும் ஒன்றல்ல. இலாபத்துக்காக இலட்சக்கணக்கான லீற்றர் எரிசாராயம் வடிப்பது ஒன்று. நோன்பிருக்கும் துறவி, பீடத்தில் சில துளி வைப்பதற்காக ஆக்குவது வேறொன்று. அந்த வேறுபாட்டைப் பிள்ளைகளுக்குக் காட்டக்கூடிய இடம் நூதனசாலைதான். குடியைப் பற்றி எங்கள் சமூகத்தில் இரண்டே பேச்சுத்தான் இருக்கிறது: கள்ளுக்கொட்டில் கேலி, அல்லது மேடைக் கண்டனம். இரண்டுக்கும் நடுவே அறிவோடு பேச ஒரு இடம் வேண்டும். மது எப்படி உண்டாகிறது, உடலில் என்ன செய்கிறது, எந்த ஆட்சி எந்த வரிக்காக அதை வளர்த்தது, எந்தச் சாதியின் தோளில் அந்தச் சுமையை ஏற்றியது. 1912ஆம் ஆண்டு மதுவரிக் கட்டளைச் சட்டம் சீவல் தொழிலாளியின் நாளையும் பொழுதையும் எப்படிக் கட்டிப்போட்டது என்பதைப் பாடசாலையில் யாரும் சொல்லித்தருவதில்லை. திக்கம் வடிசாலைக்குப் பனங்கள் கொண்டுபோன கூட்டுறவுச் சங்கங்களின் கதையும் அப்படியே. தென்னஞ்சாராயம் முதிரும் பீப்பாய்களுக்குப் பேர்போன ஹல்மில்லை மரம், ஆங்கிலேயர் ‘திருகோணமலை மரம்’ என்று ஏற்றிச்சென்ற எங்கள் கிழக்குக் காட்டு மரம் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? கிறிஸ்மஸ் நெருங்கும்போது பறங்கியர் வீடுகளில் இஞ்சி வைன் ஊறும். அதற்கும் அந்த நூதனசாலையில் ஒரு மூலை வேண்டும்.

சட்டமும் ஒரு எல்லை போட்டிருக்கிறது. 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கப் புகையிலை, மதுசாரம் மீதான தேசிய அதிகாரசபைச் சட்டம் மது விளம்பரத்தைத் தடைசெய்கிறது. 21 வயதுக்குக் கீழ்ப்பட்டோருக்கு விற்பதையும் தடைசெய்கிறது. நல்ல சட்டம். ஆகவே ஐரோப்பிய ரசச்சாலைகளில் நடப்பதுபோல் முடிவில் ஒரு கிண்ணம் ஊற்றிக்கொடுத்து அனுப்பும் நூதனசாலையை நான் கேட்கவில்லை. தோலகட்டியில் முடிவில் ஒரு குவளை நெல்லிரசம் கொடுத்தால் போதும். அதற்கு ஈடான விருந்து அந்த வெயிலில் வேறில்லை.

என்ன வைப்பது

பழைய பிழிபொறி, சாடி, போத்தல், கவாத்துக் கத்தி, துலாக்கயிறு, பந்தலின் பனங்கால். இவை எங்கே கிடந்தாலும் தேடி எடுக்கவேண்டும். குடாநாட்டு வீடுகளின் கோடிகளில் இன்னும் கிடக்கலாம். பழைய போத்தல்களில் மண்ணெண்ணெய் ஊற்றி வைத்திருப்பார்கள். செம்மண்ணையும் அடியிலுள்ள சுண்ணக்கல்லையும் கிணறு வெட்டின ஆழத்துக்கு ஒரு குறுக்குவெட்டாகக் காட்டலாம். கறுப்பு இனத்தில் நாலு கொடியை வாசலில் நட்டு, வருகிற பிள்ளைகள் கவாத்து வெட்டுவதைப் பார்க்கச் செய்யலாம். வலிகாமம் வடக்கின் வரைபடம் ஒன்று, 1990க்கு முன், பின். சாதி பாராத பந்தியைப் பற்றி ஒரு சுவர் முழுக்க. தோமஸ் அடிகளாரின் கையெழுத்துகள்.

இவற்றைவிட அவசரமானது குரல். ஆச்சிரமத்தின் மூத்த சகோதரர்களும், அவர்களுக்குப் பழம் கொடுத்த கமக்காரரும், ரசம் ஏற்றிப்போன லொறிக்காரரும், இடம்பெயர்ந்த நாட்களில் உடன் நின்ற அயலவரும் முதுமையில் இருக்கிறார்கள். மௌனத்தைத் தவமாக ஏற்றவர்களிடம் போய்ப் பேசச்சொல்லிக் கேட்பது எளிதல்ல. ஆனாலும் சபைத் தலைவரின் அனுமதியோடு, அவர்கள் நேரத்துக்கு ஏற்றபடி, மெதுவாகக் கேட்டுப் பதிவுசெய்யலாம். 1981இல் யாழ் பொது நூலகம் எரிந்தபோது வேறு பிரதி இல்லாத ஏடுகள் போய்விட்டன. ஒரு மனிதர் போகும்போதும் அதுவே நடக்கிறது.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வரலாற்றுத் துறை இதை எடுத்துச் செய்யக்கூடியது. வந்தாறுமூலையிலிருக்கும் எங்கள் கிழக்குப் பல்கலைக்கழகம் கள்ளு, சாராயம், பறங்கியர் வீட்டுப் பானங்கள் என்ற கிழக்குப் பக்கத்தை எடுத்துக்கொள்ளலாம். விவசாய பீடங்கள் கொடியைப் பற்றி எழுதலாம். யாழ்ப்பாணம், மட்டக்களப்பு ஆயர் இல்லங்களின் பழைய கணக்கேடுகளில் திருப்பலி ரசம் எங்கிருந்து, என்ன விலைக்கு வந்தது என்ற பதிவுகள் இருந்தால் அவற்றைத் தேடி எடுத்துக்கொடுக்கலாம். கனடாவிலும் பிரான்சிலும் இருக்கும் வலிகாமத்து மக்களிடம் அந்த ஊர்களின் பழைய புகைப்படங்கள் இருக்கும்; அவற்றின் பிரதிகளை அனுப்பலாம். பெரிய கட்டடம் வேண்டியதில்லை. ஆச்சிரமம் இடம்கொடுத்தால் ஒரு அறை, ஒரு பந்தல், ஒரு கிணற்றடி போதும். சாங்யூ நூறாவது ஆண்டில் திறந்தது. தோலகட்டிக்கும் 2028 பெப்ரவரி 2 என்று நாள் குறித்தாயிற்று. முதல் வேலையாக, ஒலிப்பதிவுக் கருவியோடு யாராவது இந்தச் சோளகம் தீருமுன் தோலகட்டிக்குப் போகவேண்டும்.